பைப்புக்குள் இருந்த ஏரி

செந்தாமரை வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று சொன்னால், சுங்குவார்சத்திரம் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "முட்ச்சா இன்னா வேல குடுப்பான்?" என்று கேட்பார்கள். கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்காகத்தான் படிப்பு என்று அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து இந்த வட்டாரத்தின் மண்டையில் நன்றாக ஏற்றி வைத்திருக்கின்றன. ஐடிஐ படித்தவனுக்குப் பெண் கிடைக்கிறது. முப்பது தாண்டியும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, செத்துப்போனவர்களைப் பற்றிப் படிக்கிறவளை என்ன சொல்வது? கிறுக்கி என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

அவள் வேலை பார்த்தது செல்போன் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில். பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மற்ற பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். இவள் போனில் ஏதாவது பழைய ஆவணத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வருவாள். "இன்னாடி, ஆள் போட்டோவா?" என்று பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "தூ, பேஜாரு" என்று தலையைத் திருப்பிக்கொள்வாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாட்டு. செந்தாமரையின் ஊர் நொச்சித்தாங்கல். ஒரகடம் போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே பெரிய தெரு, கீழத்தெரு என்று இரண்டு. இவர்கள் கீழத்தெரு. அம்மா சின்னப்பொண்ணு நடவுக்குப் போன காலத்தில் பாடிய பாட்டில் நான்கு வரி இப்படி வரும்:

தீ வச்ச மேட்டு மேல
தாங்கல் கட்டி வந்தோமடி
கோரை பூத்துக் குளம் நெறஞ்சி
மணல் மூடிப் போச்சுதடி

ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நின்றது. பெரிய தெரு மிராசுதார் ஒருவர் அந்த ஏரியை வெட்டிவைத்தார் என்று அதில் எழுதியிருந்தது. கீழத்தெரு சனம் அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து கூட்டிவந்த கூலி என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற கதை. முழுப் பாட்டையும் கேட்டால் வேறு கதை. மேட்டில் காட்டை எரித்துத் தாங்கலை, அதாவது ஏரியைக் கட்டியவர்களே நாங்கள்தான், கோரை மண்டி, தண்ணீர் நின்று, பிறகு பெரும் பஞ்சத்தில் மணல் மூடிப்போன பிற்பாடுதான் மிராசுதாரே வந்தார் என்கிறது. கல் சொல்வது நிஜமா, பாட்டு சொல்வது நிஜமா? இதுதான் செந்தாமரையின் ஆராய்ச்சி. இதற்காகத்தான் இந்தப் பாடு.

கேட்டால் சின்ன விஷயம்போலத் தெரியும். சரக்குப் பெட்டி அடுக்கும் கிடங்குக்காக ஏரியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது கீழத்தெருக்காரர்கள் மனுவோடு போனார்கள். பெரிய தெருக்காரர் ஒருவர் எல்லார் எதிரிலும், "ஏரி இன்னா உங்க பாட்டன் வெட்னதா?" என்றார். கோதண்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோதண்டம் செந்தாமரையின் அப்பா. பயிர் வைத்திருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆமாம், எங்கள் பாட்டன் வெட்டியதுதான் என்று சொல்லத் தன் அப்பாவுக்கு ஒரு ஆதாரம் வேண்டும் என்று செந்தாமரைக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

பாட்டு சாட்சி ஆகாது. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் அமலா இதை முதல் நாளே சொல்லிவிட்டார். "பாட்டை நான் நம்பறேன் செந்தாமரை. ஆனா நான் நம்பறது முக்கியம் இல்ல. ஏரி அடியில இருக்கிற மண்ணு அதையே சொல்லணும்." ஏரியில் ஒவ்வொரு மழைக்கும் வண்டல் படிகிறது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எல்லாவற்றுக்கும் அடியில் கரி, அதற்கு மேல் கோரையின் மகரந்தம், அதற்கும் மேல் மணல் என்று பாட்டின் வரிசையிலேயே மண்ணிலும் இருந்து, வயது பார்த்தால் மிராசுதார் காலத்துக்கு முந்தியது என்று வந்துவிட்டால், அப்புறம் எந்தக் கல்லாலும் ஒன்றும் பண்ண முடியாது.

கிடங்குக்காரர்கள் வருவதற்கு முந்தின கோடையில் அவளும் அப்பாவும் ஏரியின் நடுவே போய் ஆளுயர பிவிசி பைப் ஒன்றைச் செங்குத்தாக அடித்து இறக்கினார்கள். கோதண்டம் சம்மட்டி போட்டார். "ஏரிக்கு ஊசி போட்ற மாரி கீதே!" என்று சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. மேலே புதுசு, அடியில் பழசு என்று அவள் விளக்கியதற்கு, டிவியில் வானிலை அறிக்கை கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். பைப்பை அலுங்காமல் பிடுங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றித் தோளில் தூக்கிவந்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு ஜேசிபிகள் வந்தன. டிப்பர் லாரிகள் ஏரி மண்ணை, அடியில் சுக்கான் கல் தெரிகிறவரை வழித்துக்கொண்டு போயின. குழியில் எங்கெங்கிருந்தோ இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டி நிரவி, மேலே கான்கிரீட் போட்டார்கள். மதகுக் கல்கூட எங்கே போனதென்று தெரியவில்லை. உலகத்தில் நொச்சித்தாங்கல் ஏரி என்று மிச்சமிருந்தது அந்த ஒரு பைப் மட்டும்தான்.

அதைச் சோதனைக்குக் கொடுக்க அனுமதி வாங்குவதற்குள் அவள் பட்ட அவஸ்தை இருக்கிறதே! வரலாற்றுத் துறையில், "சரித்திரம் படிக்கிற பொண்ணுக்கு மண்ணு எதுக்கும்மா?" என்றார்கள். மண்ணியல் துறையில், "பாட்டை வச்சிக்கிட்டு இங்க எதுக்கும்மா வர்றே?" என்றார்கள். இந்தத் துறைத்தலைவர் அந்தத் துறைத்தலைவருக்கு எழுத வேண்டும், அவர் மண் மாதிரிகளைப் பாதுகாக்கிற குளிர் அறைக்காரருக்கு எழுத வேண்டும். குளிர் அறையோ ரிப்பேர். ஒவ்வொரு முறையும் அவள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு திரும்பிவந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது.

அதுவரை பைப் வீட்டுக்குப் பின்னால் பாத்ரூம் ஓரமாக, ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. காயக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. வேலைக்குப் போகுமுன் சாக்கை நனைப்பாள், வந்ததும் தொட்டுப் பார்ப்பாள். "யாரும் தொடாதீங்க. நம்ம ஏரியோட உசுரே இதுலதான் கீது" என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். சொன்னதே வினையாயிற்று.

நொச்சித்தாங்கலில் பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை வாங்குகிற பழக்கம் கிடையாது. அவரவர் ஏரியில் களிமண் எடுத்து அவரவரே பிடிப்பார்கள். கோதண்டம் பிடிக்கிற பிள்ளையாருக்குத் தெருவிலேயே பேர். ஏரி போன வருஷம் வேறு வழியில்லாமல் சுங்குவார்சத்திரத்துக் கடையிலிருந்து பெயின்ட் அடித்த பிள்ளையார் ஒன்றை வாங்கிவந்து வைத்தார்கள். அதற்கடுத்த மாதம் கோதண்டம் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தது. வாட்ச்மேன் வேலையும் போனது. "கடப்புள்ளார வச்சோம் இல்ல, அதான்" என்று சின்னப்பொண்ணு சொன்னாள். ஒரு தடவை சொல்லவில்லை, அந்த வருஷம் முழுக்கச் சொன்னாள்.

இந்த வருஷ சதுர்த்தியன்று கம்பெனியில் ஏற்றுமதி அவசரம் என்று செந்தாமரைக்கு லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் கேன்டீனில் இருந்தபோது அமலா மேடம் போன் செய்தார். "செந்தாமரை, பர்மிஷன் கிடைச்சிடுச்சி! திங்கக்கிழமை எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. இந்த டெஸ்ட்டைக் காட்டித்தான் கமிட்டி உனக்கு டைம் நீட்டிச்சிருக்கு, ஞாபகம் இருக்கில்ல? பத்திரம்மா." அவள் கையில் இருந்த சுண்டலைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டாள். கிறுக்கி சிரிப்பதை அன்றைக்குத்தான் கம்பெனி முதல்முதலாகப் பார்த்தது.

வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. கோதண்டம் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். வேட்டி துவைத்துக் கட்டியிருந்தார். முகமெல்லாம் பல்.

"வா தாமர, வா. கை கால் கழுவிக்கினு வந்து யாரு வந்துகீறாருன்னு பாரு."

நடுவீட்டில் மனைப்பலகைமேல் பிள்ளையார். கன்னங்கரேலென்று, வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல். குன்றிமணிக் கண். எருக்கம்பூ மாலை. சும்மா சொல்லக் கூடாது, அத்தனை அழகு. செந்தாமரை இரண்டு கையையும் கூப்பினாள். கூப்பிய கை அப்படியே நின்றது.

"மண்ணு ஏதுப்பா?"

"நம்ம ஏரி மண்ணுதான்டி!" என்றார் கோதண்டம். "கோச்சிக்காத. உன் பைப்புலேர்ந்துதான் எட்த்தேன். ஒரு பிடி கொறையாது. நாளன்னிக்கிக் கரைச்சி, திரும்பியும் அதுலயே ரொப்பி மூடிட்றேன். வெயிலு படக்கூடாதுன்னு சொன்ன இல்ல? ஜன்னலச் சாத்திட்டு, லைட்டக்கூட நிறுத்திட்டு, இருட்லயே ஒக்காந்து பெசஞ்சேன்னா பாத்துக்கோ."

அவள் பின்பக்கம் ஓடினாள். சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பைப் கழுவிச் சுவரில் சாத்தியிருந்தது, பக்கத்தில் மண்ணைத் தள்ளி எடுத்த மூங்கில் கழி. கோதண்டம் பின்னாலேயே வந்தார். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தார், பாவி மனுஷன்.

"ஒரே குப்பைடி அதுல" என்றார். "நத்த ஓடு, வேரு, கல்லு. கரி மட்டுமே ஒரு கை அள்ளலாம். புள்ளாருக்கு ஆவாது, குத்தம். எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சிட்டுத்தான் பிடிச்சேன்."

"கரியா?" என்றாள் செந்தாமரை. குரல் அவளுடையது போலவே இல்லை. "கரி எங்கப்பா இருந்துச்சி? அடியிலயா, மேலயா?"

"அத்த யாரு பாத்தா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு பெசயசொல்லோதான் கையில குத்திச்சி."

அவள் அவரைத் தாண்டிச் சாக்கடை ஓரத்துக்குப் போனாள். யூனிஃபார்மோடு மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினாள். அடுப்புச் சாம்பல், காபித்தூள், சோற்றுப் பருக்கை, அதோடு கரித்துண்டுகள். எது ஏரிக் கரி, எது அடுப்புக் கரி? நாள் முழுக்க மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாடி தேட்றே?" என்று சின்னப்பொண்ணு கத்தினாள். "கொழுக்கட்ட ஆறிப்போவுது!"

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அமலா மேடத்துக்குப் போன் செய்தாள். சாக்கடையில் கரியைத் தேடியதையும் சொன்னாள். "கரி கிடைச்சாலும் பிரயோஜனம் இல்லம்மா" என்றார் மேடம். "எந்த அடுக்குல இருந்துதுன்னு தெரியலைன்னா அது வெறும் கரித்துண்டு. ஏரி காய்ஞ்ச வருஷம் யாரோ மாடு மேய்க்கிறவன் மூட்டின தீயாக்கூட இருக்கலாம். வேற இடத்துல மறுபடி பைப் இறக்க முடியாதா?" கேட்டுவிட்டு அவரே, "இல்ல, அது கான்கிரீட் இல்ல?" என்றார். செந்தாமரை, "ஆமாம் மேடம்" என்றாள்.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தாள். உள்ளே கோதண்டம் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து கீழத்தெருக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ஏரிபா இது. தொட்டுப் பாரு. எம்பொண்ணு காப்பாத்தி வச்சிருந்தா." வந்தவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பிள்ளையாரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். போன வருஷம் ஏரியோடு போன முகம், இன்றைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. இலையில் வைத்த கொழுக்கட்டையைத் தின்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

கோதண்டம் சொன்ன சொல் தவறவில்லை. அண்டாவில் பிள்ளையாரைக் கரைத்துத் தெளியவிட்டு, நீரை இறுத்து, சேற்றைப் பைப்பில் இறுக்கமாக ரொப்பி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கறுப்பு பிளாஸ்டிக்கையும் பழையபடி சுற்றிவைத்தார். திங்கட்கிழமை காலையில், ஊன்றுகோலை ஒரு கையிலும் தோளில் பைப்புமாகப் பஸ் ஸ்டாப்புக்கு அவரே வந்தார். "அலுங்காம கொண்டு போம்மா" என்றார். பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகும் கண்டக்டரிடம், "யுனிவர்சிட்டிக்குப் போவுது சார், பாத்து" என்று சொன்னார். செந்தாமரை பைப்பை மடியில் சாத்திப் பிடித்துக்கொண்டு சென்னை வரைக்கும் போனாள். எதற்காகக் கொண்டுபோகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அமலா மேடம் பைப்பைத் திறக்கக்கூட இல்லை. மேல்மூடியை விரலால் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். டெஸ்ட் இல்லையென்றால் கால நீட்டிப்பு இல்லை, நீட்டிப்பு இல்லையென்றால் பதிவு இல்லை. பாட்டை மட்டும் வைத்துச் சின்னதாக ஒரு கட்டுரை எழுதலாம், "இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது" என்று போடலாம் என்றார் மேடம். "நம்பிக்கைன்னு போட்டா பொய்யின்னு அர்த்தம் மேடம்" என்றாள் செந்தாமரை. விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், "இது இன்னாம்மா, இங்கியே வச்சிட்டுப் போற?" என்று பைப்பைக் காட்டிக் கேட்டாள். "மண்ணுதான்க்கா. செடிக்குப் போட்டுக்கங்க" என்றாள்.

திரும்பிவரும்போது பூவிருந்தவல்லி தாண்டியதிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தாள். அப்பா, மண்ணைப் பிசைந்ததால் சோதனை செய்ய முடியாமல் போய்விட்டது, உங்கள்மேல் தப்பில்லை. எளிய வாக்கியம்தான். இருங்காட்டுக்கோட்டை வரை சரியாக வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிப் பஸ் மாறியபோதும் சரியாகத்தான் இருந்தது.

ஸ்டாப்பில் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாரோ என்னவோ. டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றார். "நம்ம பாட்டன் வெட்னதுதானா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பாட்டு நெசந்தானாம்பா" என்றாள்.

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, அவள் தலையில் கையை வைத்தார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாக இல்லாத குரலில், "யுனிவர்சிட்டிலியே சொல்லிட்டாம்பா!" என்றார். அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி கீழத்தெருவுக்குப் போய்விட்டது. பேனர் வைக்கலாமா என்று ஒருவன் கேட்டான். மெஷினில் வைத்துப் பார்த்தார்களாம் என்றான் இன்னொருவன். அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தார்களாம் என்றாள் ஒருத்தி. ஆதாரமில்லாத ஒரு சேதி எப்படி ஊரின் வரலாறாகிறது என்று செந்தாமரை ஓர் அத்தியாயமே எழுதிவைத்திருந்தாள். மிராசுதாரின் கல்லைப் பற்றிய அத்தியாயம் அது.

சின்னப்பொண்ணு அடுப்பங்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மெய்யாலுமே டெஸ்ட்டுல அப்டித்தான் வந்துச்சாடி?"

"வந்துச்சிமா."

சின்னப்பொண்ணு கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் நம்பவே இல்லடி, தாமர. ஒரு நாளும் நம்பல. கல்லுல எழுதிகீதே, அதுதான் நெசமா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கூலிக்கி வந்த சனம் தன்ன ஒசத்திக்கச் சொம்மா கட்டி வுட்டதுன்னு நெனச்சிக்கினுதான் பாட்னேன். நீ அத்தப் போய்ப் படிக்கிறேன்னு நிக்கசொல்லோ, ஐயோ, பொய்ய நம்பி இந்தப் பொண்ணு வாழ்க்கையத் தொலைக்கிறாளேன்னு வயிறெரிஞ்சிக்கினு கெடந்தேன்."

சொல்லிவிட்டு அவள் பாட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் மகள் கெஞ்சிக் கேட்டால் முணுமுணுத்தபடி பாடுவாள். இப்போது தெருவுக்கே கேட்கிற குரலில், தலையை நிமிர்த்திப் பாடினாள். செந்தாமரை சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள். அது நிஜமா பொய்யா என்று அவளுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாது என்று சொல்லவும் இனி முடியாது.